தோற்றவனைப் பார்த்துச் சிரிக்கலாமா?

வீட்டிலே பிள்ளைகள் உதைபந்தாட்டம் பார்க்கும்போது கவனித்திருப்பீர்கள். கோல் விழுந்ததும் எழுகின்ற ஆரவாரம் ஒன்று. எதிரணியின் கோல் காப்பாளர் பந்தைக் கைநழுவ விட்டதும் எழுகின்ற சிரிப்பு வேறொன்று. ஆரவாரம் அன்றைக்கே அடங்கிவிடும். சிரிப்போ கைத்தொலைபேசியில் ஏறி, படமாகவும் பகிடியாகவும் உலகைச் சுற்றிவிட்டு, அடுத்த நாளும் வீட்டுக்கு வந்து சேரும்.

பகிடியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. தோற்ற அணியின் பக்கம் நின்றவனை அவனுடைய சிநேகிதர்கள் ஒரு கிழமைக்குச் சும்மா விடமாட்டார்கள். அவனும் அடுத்த ஆட்டம் வரட்டும் என்று காத்திருந்து வட்டியோடு திருப்பிக் கொடுப்பான். அது விளையாட்டின் உப்பு. ஆனால், நாம் சிரிப்பது திருப்பிச் சொல்ல வழியில்லாத ஒருவனைப் பார்த்து என்றால்?

2018ஆம் ஆண்டு மே 26ஆம் திகதி. உக்ரேனின் கீவ் நகரில் ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். ரியல் மட்ரிட்டும் லிவர்பூலும் மோதின. லிவர்பூலின் கோல் காப்பாளர் லோரிஸ் கரியஸ், ஜேர்மனியர், வயது 24. தன் அணி வீரர் ஒருவருக்கு அவர் பந்தை உருட்டிவிட முனைந்தபோது, அருகில் நின்ற பென்சமா காலை நீட்டினார். பந்து கோலுக்குள் போனது. பின்னர் பேல் தொலைவிலிருந்து அடித்த பந்து, அவர் கைகளில் பட்டும் நழுவி உள்ளே போனது. 3–1 எனத் தோல்வி. ஆட்டம் முடிந்ததும் அவர் அழுதபடி தம் ஆதரவாளர்கள் இருந்த பக்கம் சென்று, கைகளை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். அந்தக் கண்ணீரும் அன்றிரவே பகிடிப் படமாயிற்று. கொலை மிரட்டல்களும் வந்தன. மிரட்டியவர்களை விட்டுவிடுவோம், அவர்களைப் பற்றி நமக்குள் இரண்டு கருத்து இராது. சிரித்தவர்கள்தான் நம்மைப் போன்றவர்கள். நானும் சிரித்தேன்.

சில நாட்களின் பின் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வைத்தியர்கள் அவரைப் பரிசோதித்தார்கள். முதற்கோலுக்குச் சற்று முன்னர் எதிரணியின் ராமோசுடன் நிகழ்ந்த மோதலில் அவருடைய தலையில் அடிபட்டிருந்தது. அந்த ஆட்டத்தின்போதே மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது என்றும், அது பார்வையைப் பாதித்திருக்கக் கூடும் என்றும் அவர்கள் கூறினார்கள். இது வெறும் சாட்டு என்று அதையும் பகிடி பண்ணினோர் உண்டு. வேறு பலரோ வெட்கப்பட்டார்கள். “பாவம், தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டோமே!”

வாசகரே, இந்த இடத்தில்தான் சற்று நின்று யோசிக்க வேண்டும். அடிபட்டவன் என்பதால் சிரித்தது தவறு என்றால், அடிபடாமல் வெறுமனே பிழை விட்டவனைப் பார்த்துச் சிரிப்பது சரியாகிவிடுமா? நமக்கு வந்த இரக்கம், வைத்தியச் சான்றிதழ் கேட்ட பிறகு வந்த இரக்கம். நோய் இல்லாத சாதாரணப் பிழைதானே நம்மில் அநேகர் நாளாந்தம் விடுவது! அதற்கு யார் சான்றிதழ் தருவார்?

“அவர்கள் கோடி கோடியாக உழைக்கிறார்கள், இதையும் தாங்கத்தான் வேண்டும்” என்பார்கள். ஊதியம் வாங்கியவன் கணக்குக் கொடுக்க வேண்டும், அது நியாயமே. லிவர்பூல் கழகமும் அந்த யூலையில் அலிசன் என்ற வேறொரு கோல் காப்பாளரை வாங்கியது. அது ஆட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. குறை சொல்லுகிறவனுக்கு நழுவிய அந்தப் பந்து போதும். அழுத முகத்தைத் தேடி எடுத்து அனுப்புகிறவனுக்கு ஆட்டத்தோடு என்ன அலுவல்?

ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளின் பின், 2023 பெப்ரவரி 26இல், வெம்பிளி அரங்கில் லீக் கிண்ண இறுதியாட்டத்தில் கரியஸ் நியூகாசில் அணியின் கோலைக் காத்தார். மான்செஸ்டர் யுனைட்டெட்டிடம் 2–0 எனத் தோற்றார்கள். அன்றைய இரண்டு கோல்களுக்கும் அவரைக் குறைசொல்ல இடமிருக்கவில்லை. அந்த ஆட்டத்தை நான் சிரிப்பதற்காகப் பார்க்கவில்லை. ஆயினும் பந்து அவரிடம் போன ஒவ்வொரு முறையும் என் மனம் எதையோ எதிர்பார்த்தது உண்மை.