எந்தச் சொல்லால் எழுதுவது?

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து நாளிதழ் ஒன்று, 2011ஆம் ஆண்டில் மூதாட்டி ஒருவரைப் பற்றி அஞ்சலிக் கட்டுரை வெளியிட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தார்லாக் மாநிலத்தில் பிறந்து, 86ஆம் வயதில் மறைந்த யூடோசியா புலிதோ என்பவரே அவர். ஒரு குடும்பத்துக்காகத் தம்மையே மறந்து உழைத்தவர், அக்குடும்பத்தின் பிள்ளைகளை அன்போடு வளர்த்தவர் என்னும் பொருளில் அக்கட்டுரை அமைந்திருந்தது. படித்தவர்கள் நெகிழ்ந்திருப்பார்கள். எழுதியவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 2017இல் 'தி அட்லாண்டிக்' என்னும் இதழில் அதே பெண்ணின் வாழ்க்கை மீண்டும் எழுதப்பட்டது. எழுதியவர் அந்தக் குடும்பத்தின் மகனும், புலிட்சர் பரிசு பெற்ற பத்திரிகையாளருமான அலெக்ஸ் டிசோன். கட்டுரை வெளிவருமுன்பே அவர் இறந்துவிட்டார். அவர் விட்டுச் சென்ற கட்டுரையின் தலைப்பு, 'என் குடும்பத்தின் அடிமை'.

1943இல், தாயை இழந்திருந்த தம் 12 வயது மகளுக்கு, டிசோனின் பாட்டனார் 18 வயதான யூடோசியாவைப் பரிசாக அளித்தார். 1964இல் அக்குடும்பம் அவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றது. சமையல், துவைப்பு, பிள்ளை வளர்ப்பு அனைத்தும் அவர் தலைமேல் விழுந்தன. ஊதியம் இல்லை, தமக்கென ஓர் அறை இல்லை, எதிர்த்துப் பேசினால் அடி விழுந்தது. ஊரில் பெற்றோர் இறந்தபோதும் அவரால் போக முடியவில்லை. அயலார் கேட்டால் உறவினர் என்று சொல்லப்பட்டது. பிள்ளைகள் அவரை 'லோலா' என்று அழைத்தார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பாட்டி என்று பொருள். இப்படி 56 ஆண்டுகள்! முதல் அஞ்சலிக்குச் செய்தி தந்தவரும் டிசோனே. முழு உண்மை வெளிவந்தபின், அஞ்சலி எழுதிய நிருபர் தாம் எழுதியது பொய்யின்மேல் கட்டப்பட்டது என்று வேதனையோடு ஒப்புக்கொண்டார்.

இந்த வாழ்க்கை இன்று விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்திலும் பதிவாகியுள்ளது. 2001இல் தொடங்கப்பட்ட அக்களஞ்சியத்தைத் தன்னார்வலர்களே எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்கிறார். நடுநிலை வேண்டும், ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று வேண்டும், சொந்த ஆராய்ச்சியைப் புகுத்தலாகாது என்பவை அவர்களுடைய அடிப்படை விதிகள். ஊதியமின்றித் தாமே விரும்பி உழைக்கும் இவர்கள்முன், ஊதியமின்றி, விருப்பமும் கேட்கப்படாமல் உழைத்த ஒருவரின் வாழ்வு வந்து நிற்கிறது. அதை எந்தச் சொல்லால் எழுதுவது? பணிப்பெண் என்றா? வளர்ப்புத்தாய் என்றா? அடிமை என்றா?

இது வெறும் மொழிச் சிக்கலன்று. எட்டாம் கட்டளையைச் சார்ந்த அறச்சிக்கல். ஏழை உறவினர் வசதியுள்ள வீட்டில் உணவுக்காக உழைப்பது எங்கள் ஊர் வழக்கம், அதை அடிமைத்தனம் என்பது மிகை என்று பிலிப்பைன்ஸ் மக்கள் சிலர் வருந்தினர். கொடுமைக்கு வழக்கம் என்று பெயரிடுவதே கொடுமையின் ஒரு பகுதி என்று வேறு சிலர் மறுமொழி கூறினர். சரிபார்ப்பவர் தம் உணர்ச்சியைக் கொண்டு தீர்ப்பிட முடியாது. விலகிச் செல்ல அவருக்கு உரிமை இருந்ததா? கூலி தரப்பட்டதா? குடியுரிமைத் தாள்கள் இருந்தனவா? இவற்றைக் கேட்டே அவர் சொல்லைத் தேர வேண்டும். தண்டனைக்கு அஞ்சி, தன் விருப்பமின்றிச் செய்யும் வேலையே கட்டாய உழைப்பு என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1930இலேயே வரையறுத்துள்ளது. அன்புச் சொற்களை விலக்கிவிட்டு இக்கேள்விகளைக் கேட்டிருந்தால், 2011ஆம் ஆண்டின் அஞ்சலி அவ்வாறு அமைந்திருக்காது.

அமெரிக்காவில் 1865இலேயே அடிமைமுறை ஒழிக்கப்பட்டதே, பிறகு அடிமை எங்கிருந்து வந்தார் என்று கேட்கலாம். இதற்குப் புனித ஜோசபின் பக்கீத்தாவின் வாழ்வு விடை தருகிறது. சூடானில் சிறுமியாகக் கடத்தப்பட்டுப் பலமுறை விற்கப்பட்டு, தம் இயற்பெயரையே மறந்துபோனவர் அவர். 1889இல், அவர் சட்டப்படி அடிமையே அல்லர் என்று வெனிஸ் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அவருக்கு விடுதலை தந்தது. ஆயினும் அவர் உடலில் நூற்றுக்கும் மேற்பட்ட தழும்புகள் இருந்தன. சட்டத்தில் இல்லாத அடிமைத்தனம் வீட்டுக்குள் இருக்க முடியும் என்பதற்கு அத்தழும்புகளே சான்று.

சான்று கேட்பது நீதியின் பணி. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எழுத வாய்ப்புப் பெற்றவர்களின் சான்றே எஞ்சி நிற்கிறது. யூடோசியா தம் கதையை எழுதவில்லை. நாம் அறிந்ததெல்லாம் அவர் வளர்த்த மகன் சொன்னதே. பிலமோனுக்கு எழுதிய திருமுகத்திலும் 25 வசனங்கள் உள்ளன. ஒனேசிமுக்காகப் பவுல் பரிந்து பேசுகிறார். ஒனேசிம் பேசிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆகவே நேர்மையான பதிவு, நடந்ததைச் சொல்வதோடு, யார் சொல்லக் கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டவரின் குரலும் அடிமையின் மௌனமும் தராசில் சமமாக நிற்பதில்லை என்பதை உணர்த்துவதே உண்மையான நடுநிலை.

டிசோனின் கட்டுரையில் ஒரு காட்சி நம்மை விட்டு அகலாதது. 1999இல் அவருடைய தாய் மரணப்படுக்கையில் இருந்தார். இறுதி அருளடையாளங்களை வழங்க வந்த குருவானவர், மன்னிக்கவோ மன்னிப்புப் பெறவோ ஏதேனும் உண்டா என்று கேட்டார். தாய் பேசவில்லை. அருகில் அமர்ந்திருந்த யூடோசியாவின் முகத்தைப் பாராமலேயே, தம் கையை அவர் தலைமேல் வைத்தார். அது மன்னிப்புக் கேட்டலா? உரிமை கொண்டாடலா? எந்தப் பதிப்பாசிரியரும் அதைச் சரிபார்க்க முடியாது. இறைவன் அறிவார். ஆனால் சொல்லப்படாத அந்தச் சொல்லுக்காக ஒருவர் 56 ஆண்டுகள் காத்திருந்தார் என்பதை நாம் அறிவோம்.

தொழிலாளியின் கூலியைப் பறிப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. நம் வீடுகளிலும் ஒரு பெண் பாத்திரம் துலக்குகிறார். 'எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி' என்று நாமும் பெருமையோடு சொல்கிறோம். அச்சொல்லைச் சரிபார்ப்பவர் யார்? கூலி முழுமையாக அவர் கைக்குச் செல்கிறதா? ஞாயிறன்று அவருக்கு ஓய்வு உண்டா? நாம் அமரும் நாற்காலியில் அவர் அமரலாமா? நாளை போய்விடுகிறேன் என்றால் தடையின்றிப் போகலாமா?

இரவில் ஆன்ம சோதனை செய்யும்போது இக்கேள்விகளையும் சேர்த்துக்கொள்வோம். நம் வீட்டைப் பற்றிய பதிவை ஒருநாள் அவரே எழுத நேர்ந்தால், நம்மை எந்தச் சொல்லால் எழுதுவார் என்று எண்ணிப் பார்ப்போம்.