கடைசி வரிசை முதலில் பேசட்டும்

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுவது நான்தான். தலைவர் முதலில் வாய் திறந்துவிட்டால், அதன்பின் நான் எழுதுவதெல்லாம் ஆமோதிப்புகள் மட்டுமே. அதனால்தான் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதர்களின் மிஷ்னா என்ற சட்ட நூல் என்னை உலுக்கியது.

அதன்படி, மரண தண்டனை வழக்கென்றால் 23 நீதிபதிகள். கருத்துச் சொல்வது இளையவர்களிடமிருந்து தொடங்கும். பெரியவர் பேசியபின் மறுத்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? விடுவிக்க ஒரு வாக்கு மிகுந்தால் போதும், தண்டிக்க இரண்டு வேண்டும். விடுதலையை அன்றே அறிவிக்கலாம். தண்டனை விதிப்பதாக இருந்தால் மறுநாள்வரை பொறுக்க வேண்டும். அன்றிரவு அவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, குறைவாக உண்டு, மது தொடாமல், விடியும்வரை வழக்கைப் பேசித் தீர்க்க வேண்டும். தண்டிக்கச் சொன்னவர் காலையில் மனம் மாறலாம். விடுவிக்கச் சொன்னவர் மாறக்கூடாது.

மிஷ்னாவை விளக்கப் பின்வந்த தல்மூத் நூல் இன்னும் ஒரு படி போகிறது: அத்தனை பேரும் ஒரே குரலில் குற்றவாளி என்றால், அவனை விடுவித்துவிடு!

இது எனக்குச் சரியென்றே படுகிறது. மறுப்பவர் ஒருவர்கூட இல்லாத சபையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக எவரும் யோசிக்கவில்லை. உங்கள் அடுத்த கூட்டத்தில், கடைசி வரிசையில் இருப்பவரை முதலில் பேசச் சொல்லுங்கள்.