பிள்ளை கேட்கட்டும், தகப்பன் சொல்லட்டும்



நமதாண்டவர் பாடுபடுவதற்கு முந்தின இரவில் சீஷர்களோடு பந்தியமர்ந்தது பாஸ்காப் பண்டிகையின் காலம். எஜிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ராயேல் ஜனத்தைச் சர்வேசுரன் மோயீசனைக் கொண்டு மீட்டதன் ஞாபகமே அப்பண்டிகை. யூதர் இன்றைக்கும் அதை வீட்டிலே, சாப்பாட்டுப் பந்தியிலே கொண்டாடுகிறார்கள்.

அப்பந்தியில் புளியாத அப்பம் உண்டு. இட்லிமாவு இராமுழுதும் புளிக்கவேண்டுமென்று நம் தாய்மார் அறிவார்கள். அவசரமாய்ப் புறப்பட்ட அடிமைகளுக்கு அதற்கு நேரமேது? கசப்புக் கீரை அடிமைத்தனத்தின் கசப்பைக் காட்டும். உப்புத் தண்ணீர் அவர்கள் சிந்தின கண்ணீர். பழமும் கொட்டைப்பருப்பும் சேர்த்துப் பிசைந்த இனிப்பு, அவர்கள் குழைத்த சாந்துக்கு அடையாளம். சித்திரை முதல் தேதியில் வேப்பம்பூவும் வெல்லமும் ஒரே பச்சடியில் உண்கிற நாட்டாருக்கு இது விளங்காமற் போகாது.

பந்தியிலே இளைய பிள்ளை எழும்பி, இந்த இராத்திரியில் மட்டும் ஏன் இப்படியென்று கேட்கும். பெரியவர்கள் முழுச் சரித்திரத்தையும் சொல்லுவார்கள். பிள்ளைகள் கேட்கும்போது மறுமொழி சொல்லவேண்டுமென்று யாத்திராகமம் 12-ம் அதிகாரமே கட்டளையிடுகிறது. நம் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியும் நெற்களஞ்சியமும் நிற்கின்றன; ஆனால் கல் பேசாது, ஒருவர் சொன்னால்தான் கதை தெரியும். ஜெருசலேம் தேவாலயமோ கி.பி. 70-ல் இடிந்தே போயிற்று. ஆயினும் தகப்பன்மார் சொல்லிவந்ததால் பாஸ்கா அழியவில்லை.

மலையாள நாட்டு மார்த்தோமா கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில், அரிசிமாவும் உளுந்தும் புளிக்கவைக்காமல் அவித்து, குருத்தோலைச் சிலுவை வைத்து, பெசகா அப்பம் செய்கிறார்கள். குடும்பத் தலைவர் ஜெபித்துப் பிட்டுக் கொடுக்கிறார். துக்கமுள்ள வீட்டுக்கு அயலார் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம்.

பெரிய வெள்ளியன்று பாடுகளின் சரித்திரம் கேட்ட பிள்ளைகள், யூதர்மேல் பகையோடு வீடு திரும்பலாகாது. சேசுநாதரின் பாடுகளுக்காக அக்காலத்து யூதர் எல்லார்மேலும், இக்காலத்து யூதர்மேலும் குற்றஞ் சுமத்தலாகாதென்று வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28-ல் போதித்தது. நம் தேவதாய் யூதப் பெண். பன்னிரண்டு வயதுச் சேசுபாலன் பெற்றோரோடு ஜெருசலேமுக்குப் போனதும் இந்தப் பாஸ்காவுக்கே.

ஆகையால் குருத்து ஞாயிறு பூசைக்குப் பின், ஞானோபதேசப் பிள்ளைகளுக்குப் புளியாத ரொட்டியும் கசப்புக் கீரையும் பகிர்ந்து அர்த்தம் சொல்லுவோம். யூதருடைய சடங்கை நடித்துக் காட்டமாட்டோம்; அது அவர்களுடைய ஜெபம், விளையாட்டாகலாகாது.

பெற்றோரே, பெரிய வியாழன் இரவு வீட்டார் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சுவாமியார் ஏன் பாதம் கழுவினார், பீடத்தை ஏன் வெறுமையாக்கினார் என்று பிள்ளை கேட்கும். "போய் உபதேசியாரைக் கேள்" என்று தள்ளிவிடாதேயுங்கள். நீங்களே சொல்லுங்கள். தகப்பன் வாயால் கேட்ட விசுவாசம் பிள்ளைக்குச் சாகுமட்டும் துணை நிற்கும்.

சர்வேசுரன் உங்கள் பந்திகளை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குசுவாமி