தலையணை

அத்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஆளுக்கொன்று கொண்டுபோனார்கள். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, கோயில் விபூதி. பாட்டி கொண்டுபோனது இலவம்பஞ்சுத் தலையணை. கழுத்தும் நெஞ்சும் வெந்து, வாழையிலை மேல் கிடக்கிற பெண்ணுக்குத் தலைக்காவது மெத்தென்று இருக்கட்டுமே என்று, பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் காயவைத்து, புது உறை தைத்து எடுத்துப் போனாள். அத்தைக்கும் அது இதமாக இருந்தது. தலையைத் தூக்கி மோவாயை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டால் புண் இழுக்காது, வலி குறையும். அப்படியே கிடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது மோவாய் நெஞ்சை விட்டு எழவில்லை.

தீக்காயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் இந்த ஒரு தலையணையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். ஆழமாக வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். சுருங்குகிற பக்கமே உடம்பும் மடங்கும். விரல் உள்ளங்கையோடு, முழங்கை மடிப்போடு, மோவாய் நெஞ்சோடு ஒட்டும். எந்த நிலை இதமாக இருக்கிறதோ, அந்த நிலையில்தான் ஒட்டிப்போகும். அதனால் கழுத்து வெந்தவருக்குத் தலையணை கூடாது. தோளுக்கடியில் துணிச்சுருள் வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். நோயாளி அழுவார், திட்டுவார். பக்கத்தில் இருப்பவருக்கு மனம் கேட்காது. மனம் கேட்காமல் செய்த காரியத்துக்குத்தான் அத்தை பிற்பாடு இரண்டு அறுவைசிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அது 1983. அத்தைக்கு 24 வயது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பம்ப் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோக, அணைத்துவிட்டு, பர்னர் ஆறும்வரை பொறுக்காமல் ஊற்றியிருக்கிறாள். குப்பென்று எழுந்த தீ நைலக்ஸ் புடவையைப் பிடித்துக்கொண்டது. பருத்தி எரிந்து சாம்பலாகும், நைலக்ஸ் உருகித் தோலோடு ஒட்டும். யாரோ சாக்கைப் போட்டுச் சுற்றி அணைத்தார்கள். பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒருவர் இங்க் புட்டியைக் கவிழ்த்தார், ஒருவர் இட்லி மாவை அள்ளிப் பூசினார். கிணறு பத்தடி தூரத்தில் இருந்தது, பக்கத்தில் இறைத்து வைத்த இரண்டு குடம் தண்ணீரும் இருந்தது. ஒரு சொட்டு யாரும் ஊற்றவில்லை. தண்ணீர் பட்டால் கொப்புளம் போடும் என்பது எங்கள் தெருவின் வைத்தியம். எங்கள் தெருவில் மட்டுமா? போன தீபாவளிக்குக்கூட அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு குழந்தையின் கையில் பற்பசை தடவிக்கொண்டு ஓடினார்கள். வெந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சாதாரணக் குழாய்த் தண்ணீரை, ஐஸ் தண்ணீரை அல்ல, 20 நிமிடம் விடாமல் ஓடவிடுவது. மேலே அணைந்த பிறகும் தோலுக்குள் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், அதைத் தண்ணீர்தான் நிறுத்தும். முதல் 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, சுத்தமான துணியால் மூடி எடுத்துப் போக வேண்டும். 20 நிமிடம் என்பது பதறிக்கொண்டு நிற்பவருக்கு ஒரு யுகம். அதனால்தான் யாரும் முழுசாகச் செய்வதில்லை என்று நினைக்கிறேன். மாவு பூசுவது அரை நிமிட வேலை, ஏதோ செய்துவிட்ட நிம்மதியும் கிடைக்கும்.

ஊருக்கு வந்ததும் கேள்வி தொடங்கியது. "எப்படி ஆச்சு?" பேருந்தில், ரேஷன் வரிசையில், பந்தியில். அத்தை ஆளுக்குத் தக்கபடி பதில் வைத்திருந்தாள். அவசரக்காரர்களுக்கு "ஸ்டவ்". அக்கறையாகக் கேட்பவர்களுக்கு முழுக்கதை. வம்புக்குக் கேட்பவர்களிடம், "நீங்க சமைக்கறப்ப தலப்ப இடுப்புல சொருகிப்பீங்களா, தொங்க விடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்பாள். ஸ்டவ் என்ற சொல்லை அப்போது யாரும் நம்புவதில்லை. நம்பாததற்கும் காரணம் இருந்தது. எத்தனையோ மருமகள்கள் "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டுச் செத்துப்போன காலம். 1986இல் வரதட்சணைச் சாவுக்கென்று தனிப் பிரிவே கொண்டுவர வேண்டியிருந்தது. இன்றும் எரிந்த பெண்ணைக் கொண்டுவந்தால் அவள் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது, கல்யாணமாகி எத்தனை வருஷம் என்பதுதான். ஏழு வருஷத்துக்குள் என்றால் விசாரணைக்கு ஆர்.டி.ஓ. வருவார். சட்டத்துக்கு அந்தக் கேள்வி வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எல்லாருமே போலீஸ்காரர் ஆகிவிட்டோம். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றதும், "யாரையாவது லவ் பண்ணாளா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். எரிந்தவள் என்றால் கொளுத்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது கொளுத்திக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவதாக, ஆறாத பர்னர் என்று ஒன்று இருப்பது யாருக்கும் சுவாரசியமாக இல்லை. விளைவு, அத்தையின் கதையைக் கேட்டுப்போன ஐம்பது வீடுகளில் ஒருவர்கூடத் தன் ஸ்டவ்வைப் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் எங்கள் தலையணை வேறு விதமாக இருந்தது. யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. "நீ ஏன் வெயில்ல போறே, நான் போறேன்." "கூட்டத்துல உனக்கு வேர்க்கும், நீ உள்ள இரு." இதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆழமாக வெந்து ஆறிய தோலில் வேர்வை வராது. மற்ற இடத்திலிருந்தெல்லாம் ஊற்றும், அந்த இடம் மட்டும் தகிக்கும். சித்திரை மாதம் முழுக்க அத்தை ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். இரவில் அரிப்பு. வலியைவிட அரிப்புதான் கொடுமை என்பாள். தேங்காயெண்ணெய் தேய்த்துவிட அம்மாவுக்கும் எனக்கும் முறை உண்டு. அந்தத் தோல் என் உள்ளங்கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மெழுகு உருகி உறைந்தது மாதிரி, சில இடத்தில் கயிறு ஓடியது மாதிரி. இவ்வளவு அன்பாக இருந்த நாங்கள்தான் அக்கா கல்யாணத்தில் அவளிடம் ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்தோம். "பொறுப்பான ஆள் வேணும்" என்று அப்பா சொன்னார். கல்யாண ஆல்பத்தில் அத்தை ஒரு படத்தில்கூட இல்லை. அந்தச் சாவியை மரியாதை என்று நாங்கள் நம்பியிருந்தோம் என்பதுதான் இதில் கேவலம்.

அவளை வெளியே இழுத்தவர் எதிர்வீட்டு டீச்சர். கொஞ்சம் முசுடு. வந்த முதல் வாரமே எங்கள் கொல்லைப்புறக் கொடியைப் பார்த்துவிட்டு, "இதை ஒரு ஜாண் உசத்திக் கட்டு" என்று அப்பாவிடம் சொன்னார். துணி உலர்த்துவது அத்தையின் வேலை. அவள் அண்ணாந்து, கழுத்து இழுக்க, கண்ணில் நீர் வர, துணியைப் போடுவாள். அடுத்த மாதம் இன்னொரு ஜாண். பாட்டி வாய்விட்டே சபித்தாள். டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் வந்து, "காய்கறி வாங்கப் போறேன், பை தூக்க ஆள் வேணும், வா" என்று அத்தையைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவார். வழியில் யாராவது "எப்படி ஆச்சு?" என்றால் டீச்சரே முந்திக்கொண்டு, "நெருப்பு பட்டுது. வெண்டக்காய் என்ன விலை?" என்பார். ஒரு வருஷத்தில் அத்தை தனியாகப் போகத் தொடங்கினாள், தையல் கற்றுக்கொண்டாள், தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்தாள். டீச்சர் அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

ஆறுதல் சொல்லாமலே வெளியே இழுத்துவிடுகிற இந்த வைத்தியத்தை டீச்சர் ஒருவரின் குணம் என்று விட்டுவிட முடியவில்லை. மருத்துவர் பிரேமா தன்ராஜ் எட்டு வயதில் ஸ்டவ் வெடித்து முகமும் கழுத்தும் எரிந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் சிகிச்சை பெற்றவர், வளர்ந்து பிளாஸ்டிக் சர்ஜன் ஆகி, அதே மருத்துவமனையில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1999இல் பெங்களூரில் அக்னி ரக்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார், 2024இல் பத்மஸ்ரீ வந்தது. அவரைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கட்டுப் பிரிக்க அவர் வந்து நிற்கும்போது, கட்டிலில் கிடப்பவள் எதைப் பார்ப்பாள்? அந்த முகத்தைத்தான். வேறு எந்த மருத்துவராலும் கொடுக்க முடியாத மருந்து அது. சென்னையில் பி.சி.வி.சி. என்ற அமைப்பு தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களுக்குத் துணை நிற்கிறது. அவர்களில் சிலருக்கு கோபாலபுரம் பக்கம் ரைட்டர்ஸ் கஃபே என்ற கடையில் வேலை கிடைத்தது. நெருப்பு சுட்டவர்களை மறுபடி அடுப்படிக்கே அனுப்புவதா என்று முதலில் எனக்கு உறுத்தியது. அத்தையிடம் சொன்னேன். "ஸ்டோர் ரூமுக்கு அனுப்பலையே" என்றாள்.

அரசாங்கக் கணக்கிலும் ஒரு கோணல் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகையில் அமில வீச்சுக்கு ஆளானவர்கள் இருக்கிறார்கள். அடுப்பு சுட்டவர்கள் அந்தப் பெயரில் இல்லை. கையோ காலோ மடங்கிப்போயிருந்தால் இயக்கக் குறைபாடு என்ற கணக்கில் போய் நிற்கலாம். முகம் மட்டும் போனவர் எந்த வரிசையில் நிற்பார்?

2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளியில் சத்துணவு அடுப்பின் தீ கூரையைப் பிடித்து 94 குழந்தைகள் செத்துப்போன அன்று, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து எல்லோரும் எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டு அழுதோம். அத்தை மட்டும், "பொழச்சது எத்தனை?" என்றாள். எரிச்சலாக இருந்தது எனக்கு. அவளுக்கு அந்தப் பிள்ளைகள் இனி போகப்போகிற பேருந்துகளும் பந்திகளும் தெரிந்திருக்கின்றன.

இப்போது அத்தைக்கு அறுபதைத் தாண்டியாயிற்று, எங்களோடுதான் இருக்கிறாள். சமையலறை அவள் ராஜ்ஜியம். ராத்திரி படுக்குமுன் ரெகுலேட்டரைத் திருப்பி மூடும் 'டக்' சத்தம் கேட்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஐந்து வருஷம் ஆனதும் டியூபை மாற்றியாக வேண்டும். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படுத்திருக்கும், ஜன்னலை மட்டுமல்ல, வாசல் கதவையும் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்குப் போன் பண்ண வேண்டும் என்று என் மகளுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறாள். பாலியெஸ்டர் நைட்டியோடு யாரும் அடுப்படிக்குள் வரக் கூடாது. வெந்நீர் அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கக் கூடாது. விருந்தாளிகள் இதையெல்லாம் வயசான காலத்துப் படபடப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் சிலிண்டர் போட ஒரு புதுப் பையன் வந்தான். அத்தை குனிந்து வளையத்தில் அடித்திருக்கும் எழுத்தைப் படித்தாள். சி 28, அதாவது 2028 செப்டம்பர் வரைக்கும் கவலையில்லை. "சீலைப் பிரி. வாயில தண்ணி ஊத்திக் காட்டு, குமிழி வருதான்னு பாக்கணும்" என்றாள். பையன் அசையவில்லை. அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எங்க அக்காவுக்கும் இங்கதாம்மா" என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். "போன மாசம். நேத்துதான் வீட்டுக்குக் கூட்டியாந்தோம்."

எப்படி ஆச்சு என்று அத்தை கேட்கவில்லை.

"தலகாணி வெச்சுப் படுத்திருக்காளா?" என்றாள்.

அவன் விழித்தான். "ஆமா... அம்மா ரெண்டு வெச்சிருக்காங்க."

"வீடு எங்க?" என்று கேட்டுக்கொண்டே அத்தை செருப்பைத் தேடினாள்.