எதிர்ப்புக்குத் திரட்டும் பணம்

நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் கேரளத்தின் எல்லை முடியும் காரோட்டிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியே கிழக்கு நோக்கிச் செல்கிறவர், ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கியதும் முப்பந்தலின் காற்றாலைகளைக் காணாமல் இருக்க முடியாது. புகையில்லை, கரியில்லை, ஆனி மாதக் காற்றே மின்சாரமாகிறது என்று எண்ணுகையில், இதைப் போய் எதிர்ப்பாரும் உண்டோ என்ற ஆச்சரியம் எழுவது இயல்பே. ஆயினும் பஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போகிறவனுடைய அபிப்பிராயமும், அவற்றின் அடியில் குடியிருப்பவனுடைய அனுபவமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை. நாட்டுக்கு நன்மை என்று பேர்பெற்ற ஒரு காரியத்தைத் தன் எல்லைக்குள் வேண்டாமென்று சொல்வதற்காக ஒரு கிராமம் வீடு வீடாகப் பணம் திரட்டுவது தர்மமா, அல்லது சிலருடைய சுயநலத்துக்கு ஊரின் பெயரைச் சூட்டும் தந்திரமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கடலுக்கு அப்பால் மன்னார்த் தீவின் தமிழ் மக்களுக்கு இது வெறும் தர்க்க விவகாரமாக இருக்கவில்லை. இலங்கை மின்சார சபை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, 2020 டிசம்பரில் அங்கே 30 காற்றாலைகள் கொண்ட ‘தம்பபவனி’ நிலையத்தைத் திறந்தது. பின்னர் மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் திட்டத்தோடு அதானி நிறுவனம் வந்தபோது, சுற்றுச்சூழல் அமைப்புகளோடு மன்னார் ஆயரும் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2025 பிப்ரவரியில் அந்நிறுவனம் தானாகவே விலகிக்கொண்டது. வேறு நிறுவனங்களின் காற்றாலைகளுக்கான பாகங்கள் அதே ஆண்டு ஆகஸ்டில் லாரிகளில் வரத் தொடங்கியதும் மக்கள் இரவும் பகலும் சாலையில் அமர்ந்தார்கள். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். அந்தத் தவணை கழிந்தபின் செப்டம்பர் 26 இரவில் போலீசாருக்கும் மக்களுக்கும் மோதல் மூண்டது. மழைநீர் வடியும் வழிகள் அடைபட்டு வீடுகளில் வெள்ளம் புகுகிறது, பனைகள் போயின, கரையோர மீன்பாடு குறைந்தது என்பவை அம்மக்களின் முறையீடுகள். மன்னாரிலிருந்து நீதி கேட்கக் கொழும்புக்குப் போவதென்றால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பந்தலும் தேநீரும் இரவு விளக்கும் வேறு. இப்படி ஒரு கிளர்ச்சி நெடுநாள் நடக்க வேண்டுமானால் யாரேனும் பணம் கொடுத்தே தீரவேண்டும்.

இந்தியாவிலோ பணத்தின் அவசியம் சட்டத்திலிருந்தே பிறக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை மின்திட்டங்கள் இடம்பெறவில்லை. ஆகவே கலெக்டர் முன்னிலையில் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்தியாக வேண்டிய கட்டாயமும் அவற்றுக்கு இல்லை. இலவசமாகப் பேசக் கிடைக்கும் அந்தச் சபை இல்லாதபோது, ஊராருக்கு எஞ்சியிருப்பது வழக்கு. நஷ்டஈடு கோராத மனுவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கட்டணம் 1,000 ரூபாய்தான். ஆனால் வக்கீலும், நீரோட்டத்தை அளந்து வரைபடம் எழுதித் தரும் நிபுணரும், சென்னைக்குப் போய்வரும் ரயிலும் ஆயிரத்தில் அடங்குவதில்லை. எதிர்த்தரப்பிலே நிறுவனத்தின் வக்கீல் செலவு திட்டச் செலவோடு சேர்ந்து, நாளடைவில் மின்சாரத்தின் விலைக்குள் புகுந்துகொள்கிறது. அந்த மின்சாரத்தை வாங்குவோரில் எதிர்த்து வழக்காடும் வீட்டுக்காரனும் ஒருவன். அவ்வளவு வசதியான ஏற்பாடு ஊராருக்கு இல்லை என்பதால், அவர்கள் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குவதை மட்டும் குற்றமாகக் கருதுவது நியாயமாகாது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நிலக்கரிப் புகையால் பூமி சூடேறிக் கடல் உயர்வதால் முதலில் வீடிழப்பவர்கள், பூவாறு முதல் பொழியூர், கொல்லங்கோடு வரையுள்ள கரையில் ஒவ்வோர் இடவப்பாதியிலும் அலைக்கு அஞ்சி உறங்காதிருப்பவர்களைப் போன்றோரே. ஆகவே ஒரு காற்றாலையைத் தடுக்கக் கொடுக்கும் ஒரு ரூபாய், முகமறியாத இன்னொரு கடற்கரை ஏழைக்குச் செய்யும் தீங்காகவும் முடியலாம். இதற்கு விடை, பணம் எதை வாங்குகிறது என்பதில் இருக்கிறது. தன் வழக்கை உரியவர் காதில் விழச்செய்வதற்கான செலவு, முடிவில் அந்த வழக்கே தோற்றுப்போனாலும், தவறான செலவாகாது. ஆனால் காற்றாலை மேகங்களைக் கலைத்து மழையைத் தடுத்துவிடும் என்ற பழைய வதந்தியைத் துண்டுப்பிரசுரமாக அச்சடித்துக் கொடுக்கும் செலவு, வழக்கு ஜெயித்தாலும் அதர்மமே. கொடுத்தவனுடைய காசைக் கொண்டே கொடுத்தவனை ஏமாற்றுவது அது.

எனினும் இவ்விஷயத்தின் கடினமான பகுதி பணத்தைச் செலவழிப்பதில் இல்லை, வாங்குவதில் இருக்கிறது. தென் திருவிதாங்கூர்க் கடற்கரையில், கரையேறிய மீனில் ஒரு பங்கைக் கோவிலுக்கு எடுத்துவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பொதுக் காரியத்துக்குப் பங்கு கொடுப்பது அங்கே உடலில் ஊறிய பழக்கம். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011இல் அண்டைக் கரையான இடிந்தகரையில் மூண்ட போராட்டத்துக்கு மீனவர்கள் தம் வருவாயில் ஒரு பகுதியையும், பீடி சுற்றும் பெண்கள் தம் கூலியில் சிறிதையும் கொடுத்தார்கள். அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் 2012இல் அதன் பின்னால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னபோது, கரையிலிருந்தவர்கள் தங்கள் மீனையும் பீடியையும் சுட்டிக்காட்டினார்கள். பெருமைப்படத்தக்க பதில்தான். ஆனால் எந்த வழக்கத்தின் பலத்தால் பணம் இத்தனை சுலபமாகச் சேர்கிறதோ, அதே வழக்கம் கொடுக்க மனமில்லாதவனுடைய வாயையும் அடைத்துவிடுகிறது. காற்றாலைக்குத் தன் இரண்டு ஏக்கர் புன்செய்யைக் குத்தகைக்கு விட்டுப் பெண்ணின் கல்யாணக் கடனை அடைக்க நினைப்பவன் ஒவ்வோர் ஊரிலும் இருப்பான். அவன் வாசலில் ஊர்ப் பிரமுகர் நால்வர் வந்து நின்று, வீட்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகையைக் கேட்டால், அவன் கொடுப்பது நன்கொடையா? கொடாவிட்டால் கல்யாணத்துக்கு ஊர் வராது, சாவுக்கும் ஊர் வராது என்று அவனுக்குத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கம் தங்களைக் கேட்காமல் முடிவு செய்தது என்று குற்றம்சாட்டுகிற ஊர், தன்னுள் ஒருவனைக் கேட்காமல் அவன் பெயராலும் பேசுகிறதென்றால், அந்தக் குற்றச்சாட்டு பாதி வலுவிழந்துபோகிறது.

பணம் வெளியூரிலிருந்து வந்தால் அசுத்தம், உள்ளூரிலிருந்து வந்தால் சுத்தம் என்ற பிரிவினையும் ஆழ்ந்து பார்த்தால் நிற்பதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் கடலில் 130 காற்றாலைகள் நிறுவ 2001இல் முன்மொழியப்பட்ட ‘கேப் விண்ட்’ திட்டம், பதினாறு ஆண்டு வழக்குகளுக்குப் பின் 2017இல் கைவிடப்பட்டது. அதை எதிர்த்த உள்ளூர்ச் சங்கத்துக்குப் பெரும் பணம் கொடுத்தவர், நிலக்கரி, பெட்ரோலியக் கரி வாணிபத்தில் செல்வம் சேர்த்த வில்லியம் கோக். அக்கரையில் அவருக்கு ஒரு மாளிகையும் இருந்தது. ஆக அவரும் உள்ளூர்க்காரரே! அவருடைய பணத்தை விடக் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு மன்னார்க்காரன் தன் தாய் வீட்டுக்காக அனுப்பும் நூறு டாலர் எவ்விதத்தில் இழிந்தது? எங்கிருந்து வந்தது என்பதைவிட, கொடுத்தவர் பெயரும் தொகையும் ஊர்ப் பொதுவிடத்தில் எழுதி ஒட்டப்பட்டதா என்பதே முக்கியம்.

கிளர்ச்சி முடிந்தபின் கையில் மிஞ்சும் பணத்தைப் பற்றிப் பெரும்பாலான கமிட்டிகள் தொடக்கத்தில் யோசிப்பதே இல்லை; அதை விகிதப்படி திருப்பிக் கொடுப்பதோ, கொடுத்தவர்களின் சம்மதத்தோடு வேறு காரியத்துக்கு மாற்றுவதோ தவிர மூன்றாவது வழி கிடையாது.

எல்லையோரக் கிராமங்களில் நாளை காற்றாலைக்கு எதிராகவோ வேறெதற்கு எதிராகவோ யாரேனும் ரசீதுப் புத்தகத்தோடு உங்கள் வாசலுக்கு வந்தால், நோக்கம் உங்களுக்குச் சம்மதமானால் தாராளமாகக் கொடுங்கள். அதற்குமுன் அவர்கள் கையிலுள்ள நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். கொடாதவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று அதில் இருந்தால், உங்கள் பெயரையும் அதிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.