அம்மா தொடலாமா?

வீட்டில் சாளக்கிராமம் இருந்தால் பெருமாளே குடியிருக்கிறார், அவரைப் பட்டினி போடக்கூடாது. வைணவ வீடுகளில் இதைக் கேட்டுத்தான் வளர்கிறோம். இப்போது அந்த வார்த்தையே பலருக்குப் பயமாகிவிட்டது. அப்பா காலமானதும் சாளக்கிராமப் பெட்டியை மடத்திலோ கோயிலிலோ சேர்த்துவிட்டு வரும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அம்மா மட்டும். பெண்கள் தொடுகிற வழக்கமில்லையே என்கிறார்கள்.

எனக்கு மனசு ஆறுவதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியலில் குளித்து, மடியாகத் தளிகை பண்ணி, துளசி பறித்து, சந்தனம் அரைத்துக் கொடுத்தவள் அவள்தானே? அந்த ஆராதனத்தில் பெரும்பகுதி அவள் உழைப்பு.

எங்கள் வீட்டுச் சாளக்கிராமம் எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். நல்ல கறுப்பு, ஒரு பக்கம் சின்னத் துவாரம். விரல் நுனியை வைத்தால் உள்ளே சுருண்டு போகும் வரிகள் தட்டுப்படும். அதுதான் சக்கரம். திருமஞ்சனம் ஆனபிறகு அந்தத் துவாரத்தில் ஒரு சொட்டு நீர் தங்கிவிடும். துணி முனையைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். இதற்குப் பொறுமையான கை போதும்.

நேபாளத்தில் முக்திநாத்தை ஒட்டிய காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் கல் இது. 108 திவ்ய தேசங்களில் திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் முக்திநாத்தான் என்று போய்ச் சேவிக்கிறோம். இமயமலை எழும்புவதற்கு முன்னால் அங்கே டெத்திஸ் கடல் இருந்தது. அதில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் ஓடு பதிந்ததே சக்கரம். 10 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. இதைப் படித்தபிறகு என் கைகள் இன்னும் பயபக்தியோடுதான் அதை எடுக்கின்றன.

சாளக்கிராமத்துக்குப் பிரதிஷ்டை கிடையாது, ஆவாஹனமும் வேண்டாம். நர்மதையின் பாணலிங்கமும் அப்படித்தான். சாந்நித்தியம் கல்லிலேயே இருக்கிறது என்பது சாஸ்திரம். யாரும் மந்திரம் சொல்லி அழைக்காமலே வந்திருக்கிற பெருமாள், ஒருத்தி கை பட்டதும் போய்விடுவாரா?

ஸ்ரீரங்கத்தில் பிறந்து பிருந்தாவனம் போனவர் கோபால பட்டர், 16ஆம் நூற்றாண்டுக்காரர். அங்குள்ள ராதாரமணர் என்ற கண்ணன், பட்டர் ஆராதித்த சாளக்கிராமத்திலிருந்து தோன்றியவர் என்பது ஐதீகம். பட்டர் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஹரிபக்திவிலாசம், வைணவ தீட்சை பெற்ற பெண்களும் சாளக்கிராமத்தை ஆராதிக்கலாம் என்கிறது. நம் காவிரிக்கரை வைதிகக் குடும்பத்துப் பிள்ளையின் பெயரில் இருக்கிற நூல் அது! வடக்கே கார்த்திகை மாதத்தில் துளசிக்கும் சாளக்கிராமத்துக்கும் வீட்டுப் பெண்கள் கல்யாணமே செய்துவைக்கிறார்கள்.

பட்டினி போட்டுவிடுவோமோ என்ற பயமும் வேண்டாம். தளிகை பண்ண முடியாத நாளில் பாலோ நாலு உலர்திராட்சையோ கண்டருளப் பண்ணலாம். சாளக்கிராமத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு யாத்திரை போன பெரியவர்கள், வழியில் கிடைத்ததைத்தான் சமர்ப்பித்தார்கள். நித்தியப்படி ஆராதனம் நடக்கும் இடத்தில் சாளக்கிராமத்தைக் கொடுப்பது தப்பே இல்லை. ஆனால் பெட்டியைத் தூக்குவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவளுக்கு ஆசையிருந்தால், ஆசாரியனிடம் அழைத்துப் போய் அவளையே கேட்கவிடுங்கள்.