இன்பச் செலவும் எல்லை நோன்பும்

கோடை விடுமுறையை அயல்நாட்டுக் கடற்கரையில் கழிப்பது இன்று பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரியதன்று. நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் கடல் கடந்து பணிபுரிகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர், கடலோர ஊர்களையும் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைச்சாரல்களையும் பார்த்துவரத் திட்டமிடுகின்றனர். கொல்லாமையை உயிரெனப் போற்றும் இல்லறத்தார்க்கு இத்தகைய இன்பச் செலவு தகுமா என்னும் வினா எழுவது இயல்பே.

மது விளையும் நாட்டுக்குச் செல்லலாமா என்பதே பலரும் முதலில் கேட்பது. இதற்கு விடை எளிது. மது, ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் இல்லறத்தாரின் மூலகுணங்களுள் அடங்கும் எனச் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் வகுத்துள்ளார். மேலும், திராட்சை மதுவைத் தெளிவிக்க முட்டையின் வெண்கருவும், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையும் பயன்படுவதுண்டு. ஆதலின் அதனைச் சுவைத்தல் நமக்கு ஆகாது. தோட்டத்தைக் காண்பதனால் மட்டும் நோன்பு கெடுவதில்லை. ஆனால், கிண்ணத்தைத் தொடாதவனும் அவ்வூர்க்குத் தீங்கு செய்யக்கூடுமா? கடினமான வினா இதுவே.

இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் சிங்குவே தெர்ரே எனப்படும் ஐந்து சிற்றூர்கள் உள்ளன. செங்குத்தான மலையைப் படிப்படியாக வெட்டி, சாந்தின்றிக் கல்லின்மேல் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அச்சுவர்கள் தாங்கிய மண்ணில் அவ்வூரார் பல நூற்றாண்டுகளாகத் திராட்சை பயிரிட்டு வந்தனர். 1997-இல் யுனெஸ்கோ அப்பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 1999-இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. ஐந்தூர்களிலும் சேர்த்து வாழ்வோர் ஏறத்தாழ 4,000 பேரே. ஆண்டுதோறும் வருவோரோ பல இலட்சம்.

இளைஞர் ஆலை வேலை நாடி நகரங்களுக்குச் சென்றனர். பின்னர்ச் சுற்றுலா பெருகியபோது, வெயிலில் குனிந்து கற்சுவரைச் செப்பனிடுவதினும் வீட்டறையை வாடகைக்கு விடுவது எளிதாயிற்று. கவனிப்பாரற்ற சுவர்கள் சரிந்தன. 2011 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் வெர்னாட்சா, மொந்தெரொஸ்ஸோ ஆகிய ஊர்களின் தெருக்களைச் சேறும் கல்லும் மூடின, உயிர்களும் மாய்ந்தன. கைவிடப்பட்ட படிநிலங்களில் மண்சரிவு மிகுதி என்பதை ஆய்வாளர் பின்னர்க் கண்டனர். எந்தப் பயணியும் இதனை எண்ணிச் செய்தாரல்லர். ஆயினும் எண்ணாமல் நிகழும் தீங்கையும் ஆராய்வதன்றோ நம் அறம்?

பயணிகளின் பணமே அவ்வூர்களை வாழவைக்கிறது என்பாரும் உளர். அதுவும் உண்மையே. மலைப்பாதைகளில் நடப்போர் செலுத்தும் கட்டணம் அப்பாதைகளைப் பேணவும் உதவுகின்றது. எனவே குற்றம் செல்லுதலில் இல்லை; எல்லையின்றிச் செல்லுதலில் உள்ளது.

இங்குத்தான் திசைவிரதம் நினைவுக்கு வருகின்றது. கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு ஆகியவற்றை அடையாளமாகக் கொண்டு, இதற்கப்பால் செல்லேன் என இல்லறத்தான் உறுதி பூணுவது அது. ஒரு திசையில் குறைத்து மறுதிசையில் கூட்டிக்கொள்ளுதலும், வகுத்த எல்லையை மறத்தலும் அந்நோன்பின் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரத்தில் கூறப்பட்டுள்ளன. எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்கட்கு அவனால் அச்சமில்லை என்பதே அதன் பயன்.

முனிவர்களின் மழைக்காலத் தங்கலும் இதனையே உணர்த்துகின்றது. மழை நாளில் வழியெங்கும் சிற்றுயிர்கள் பல்கும். அதனால் அவர்கள் நான்கு திங்கள் ஓரிடத்தே தங்குகின்றனர். அவர்கள் காலம் தேர்வது தம் வசதி கருதியன்று. வழியில் உள்ள உயிர்களைக் கருதி. நாமோ நம் வசதி ஒன்றையே நோக்கி, எல்லாரும் செல்லும் அதே கோடை வாரங்களில், குடிநீரும் தெருவும் தாங்காத நாளில், அச்சிற்றூர்களை நிறைக்கின்றோம்.

ஆகவே, திட்டமிடும் வேளையே நோன்புக்குரிய வேளை. சென்றபின் ஆசை பேசும். செல்லுமுன் அறிவு பேசும். ஆறு ஊர்களைத் தொட்டு ஓடாமல் ஓரூரில் ஆறு நாள் தங்கலாம். கூட்டம் மிகுந்த மாதத்தை விடுத்து முன்னரோ பின்னரோ செல்லலாம். உரிமையாளர் குடியிருக்கும் இல்லத்தில் தங்கலாம். ஊர்களுக்கிடையே புகைவண்டியிலும் கால்நடையாகவும் செல்லலாம். இத்தனை நாள், இவ்வளவு செலவு, இதற்குமேல் இல்லை எனத் தாளில் எழுதிக் குடும்பத்தார் அனைவரும் ஒப்புக்கொள்ளலாம்.

எல்லை இன்பத்தைக் குறைக்கும் என்று அஞ்ச வேண்டா. அடுத்த ஊரை எண்ணி ஏங்குபவன் நின்ற ஊரைக் காண்பதில்லை. போதும் என்று முன்னரே முடிவு செய்தவனுக்கே கடலும் மலையும் முழுமையாகக் காட்சி தரும். அவன் மீண்டபின் அவ்வூரும் சிதையாதிருக்கும். இத்தகைய செலவே இல்லறத்தார்க்குத் தகும்.